மஞ்சள் காமாலைக்கு எந்த மருந்து? அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி

ஹாஸ்டல்ல யாருக்காவது கண் மஞ்சளாயிடுச்சுன்னா, அன்னைக்கு சாயந்திரமே ரூம்ல ரெண்டு கட்சி உருவாகிடும். ஒரு கட்சி, "இங்கிலீஷ் மருந்துல காமாலைக்கு மருந்தே கிடையாது மச்சி, ஊருக்குப் போய் கீழாநெல்லி சாப்பிடு"ன்னு சொல்லும். இன்னொரு கட்சி, "இலை தழையெல்லாம் சும்மா, கிளம்பு ஆஸ்பத்திரிக்கு"ன்னு சொல்லும். ரெண்டு பேர் பேச்சுலயும் கொஞ்சம் உண்மை இருக்கு. ஆனா ரெண்டு பேருமே கேட்காம விட்ட கேள்வி ஒண்ணு இருக்கு: இது எதனால வந்த காமாலை?

மஞ்சள் காமாலை ஒரு நோய் இல்லை, அறிகுறி. நம்ம பாஷையில சொன்னா, டேஷ்போர்டுல எரியுற வார்னிங் லைட். பழைய சிவப்பணுக்கள் உடையும்போது பிலிருபின்னு ஒரு மஞ்சள் நிறப் பொருள் உண்டாகும். கல்லீரல் அதைப் பித்தத்தோட சேர்த்து குடல் வழியா வெளியேத்தும். இந்தப் பாதையில எங்க கோளாறு வந்தாலும் ரத்தத்துல பிலிருபின் ஏறும். வழக்கமா டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவுல இருக்கறது, 2 அல்லது 3-ஐத் தாண்டும்போது கண்ணுல மஞ்சள் தெரியும்.

லைட் ஒண்ணுதான், ஃபால்ட் பல. அசுத்தமான தண்ணி, சாப்பாடு வழியா வர்ற ஹெபடைடிஸ் ஏ, இ வைரஸா இருக்கலாம். ரத்தம், உடலுறவு, பிரசவம் வழியா பரவுற ஹெபடைடிஸ் பி-யா இருக்கலாம். பித்தக் குழாய்ல கல் அடைச்சிருக்கலாம். எலிக்காய்ச்சல், மலேரியா, குடி, மாத்திரை ஓவர்டோஸ்னு லிஸ்ட் இன்னும் நீளும். எலிக்காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் வேணும். கல்லுன்னா அடைப்பை எடுக்கணும். இந்த ரெண்டு கேஸ்லயும் பத்து நாள் கீழாநெல்லி குடிச்சுட்டு காத்திருந்தா, போறது பத்து நாள் மட்டும் இல்லை, உயிரே போகலாம்.

அப்புறம் எப்படி கீழாநெல்லிக்கு இவ்வளவு நல்ல பேரு? ஹாஸ்டல் பசங்களுக்கு அடிக்கடி வர்றது ஹெபடைடிஸ் ஏ மாதிரி தண்ணி வழி வைரஸ். ஆரோக்கியமான இளவயசுக்காரங்கள்ல பெரும்பாலும் சில வாரத்துல அது தானாவே சரியாயிடும். அதைக் கொல்ல அலோபதியிலயும் தனி மருந்து கிடையாது. ஓய்வு, நீர்ச்சத்து, சாப்பாடு, கண்காணிப்புதான். அந்த நாட்கள்ல என்ன சாப்பிட்டிருந்தாலும் குணமான பேரு அதுக்குத்தான் போகும். மருந்து வேலை செஞ்சுதா, உடம்பே சரியாக்கிக்கிச்சான்னு ஒருத்தர் அனுபவத்தை வெச்சு பிரிச்சுப் பார்க்க முடியாது. அதுக்குத்தான் கன்ட்ரோல் க்ரூப் தேவை.

அப்படி ஒரு சோதனை நம்ம சென்னையிலயே நடந்திருக்கு. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜன் குழு, ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடிச்சு நோபல் வாங்கின பரூக் ப்ளம்பெர்க்கோட சேர்ந்து, 1988-ல லான்செட் இதழ்ல ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. வைரஸைச் சுமந்துட்டிருந்தவங்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்தாங்க. மருந்து எடுத்த 37 பேர்ல 22 பேருக்கு ரத்தத்துல வைரஸ் அடையாளம் மறைஞ்சுது. வெறும் போலி மாத்திரை எடுத்த 23 பேர்ல ஒருத்தருக்குத்தான். உலகமே திரும்பிப் பார்த்துச்சு. ஆனா வேற நாடுகள்ல திரும்பச் செஞ்சப்போ அந்த ரிசல்ட் வரலை. அதனால இன்னைக்கு ஹெபடைடிஸ் பி-க்கு கீழாநெல்லி நிரூபிக்கப்பட்ட மருந்து இல்லை.

இதை வெச்சு பாரம்பரிய மருத்துவமே பொய்னு முடிவு கட்டவும் கூடாது. சீனாவுல தூ யூயூ ஒரு பழைய மருத்துவ நூல்ல இருந்த குறிப்பைப் படிச்சு, மூலிகையைச் சூடு பண்ணாம சாறு எடுக்கணும்னு புரிஞ்சுக்கிட்டாங்க. அதுலேர்ந்து வந்த ஆர்ட்டெமிசினின்தான் இன்னைக்கு மலேரியா சிகிச்சையோட அடித்தளம். 2015-ல நோபல் கிடைச்சுது. கீழாநெல்லிக்கும் இதுக்கும் டெஸ்ட் ஒண்ணுதான். ஒண்ணு பாஸ் ஆச்சு, ஒண்ணு இன்னும் ஆகலை. அவ்வளவுதான்.

"இயற்கைதானே, சைட் எஃபெக்ட் இருக்காது"ங்கறதும் நம்பக் கூடாத வசனம். கொரோனா காலத்துல எதிர்ப்பு சக்திக்காக சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததா மும்பை டாக்டர்கள் 2021-ல எழுதினாங்க. ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்துச்சு. விவாதம் இருக்கட்டும், ஏற்கனவே அடி வாங்கின கல்லீரல்ல எதையும் சோதிச்சுப் பார்க்கிறது ரிஸ்க். இங்கிலீஷ் மருந்தும் புனிதம் இல்லை. பாராசிட்டமால் ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டினா கல்லீரலையே சாய்க்கும். 650 மாத்திரை ஆறு போட்டாலே கிட்டத்தட்ட அந்த எல்லை. ஜலதோஷ மாத்திரைகள் பலதுலயும் அதே பாராசிட்டமால் ஒளிஞ்சிருக்கும், அட்டையைத் திருப்பிப் படிங்க.

அப்போ என்ன பண்ணலாம்?

கண் மஞ்சளானா முதல்ல டாக்டரைப் பாருங்க. கல்லீரல் செயல்பாட்டு டெஸ்ட்டும் வைரஸ் டெஸ்ட்டும் எடுக்கச் சொல்வாங்க. தேவைன்னா ஸ்கேனும் வரும். காரணம் தெரிஞ்ச பிறகு சித்தா பார்க்கணும்னா தாராளமா பாருங்க. ஆனா ஐந்தரை வருஷம் பி.எஸ்.எம்.எஸ். படிச்சுப் பதிவு செஞ்ச சித்த மருத்துவரைப் பாருங்க. தமிழ்நாட்டுல பல அரசு மருத்துவமனைகள்ல சித்தா பிரிவு அதே வளாகத்துல இருக்கு. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல பேர் தெரியாத பொடி விக்கிறவரும் அவரும் ஒண்ணு இல்லை. ரெண்டு பக்க டாக்டர்கிட்டயும் நீங்க எடுக்கிற எல்லா மருந்தையும் சொல்லுங்க. குடியை அறவே நிறுத்துங்க.

குழப்பமா பேசுறது, தூங்கிட்டே இருக்கிறது, ரத்தக்கசிவு, நிக்காத வாந்தி, இதுல எது தெரிஞ்சாலும் அந்த நிமிஷமே எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போங்க. ஊர்ல கர்ப்பிணி அக்கா, அண்ணிக்குக் காமாலைன்னா ஒரு நாள் கூட தள்ளிப் போடாதீங்க. ஹெபடைடிஸ் இ கடைசி மாதங்கள்ல உயிருக்கே ஆபத்து.

கடைசியா ஒண்ணு. ஹெபடைடிஸ் பி-க்கு நல்ல தடுப்பூசி இருக்கு. ஆனா நாம பிறந்த காலத்துல அது நாடு முழுக்க அரசு அட்டவணையில வந்திருக்கலை. இன்னைக்கே அம்மாகிட்ட போன் பண்ணி, சின்ன வயசுல போட்டாங்களான்னு கேளுங்க. தெரியலைன்னு சொன்னா டாக்டர்கிட்ட கேட்டுப் போட்டுக்கோங்க.