கஞ்சாவும் மனநோயும்

ஹோலித் திருநாளில் காசி நகரத்தார் பாங்கு கலந்த தண்டாய் அருந்தக் கண்ட அன்பர் சிலர், “இது மனக்கவலைக்கும் மருந்தாமே?” என்று நம்மிடம் வினவுவதுண்டு, நண்பருக்காகக் கேட்பதாகவே சொல்வர்.

கஞ்சாச் செடியிலுள்ள டி.எச்.சி. என்னும் பொருள் போதை தருவது, சி.பி.டி. என்பது தராதது. பின்னதை அமெரிக்க அரசு 2018-இல் மருந்தாக ஏற்றது, குழந்தைப் பருவத்தில் தோன்றும் இருவகைக் கொடிய வலிப்பு நோய்களுக்கே. மனச்சோர்வையும் பதற்றத்தையும் கஞ்சா தீர்க்குமென்பதற்கு ஆய்வுகள் போதிய சான்று தரவில்லை. டி.எச்.சி. மிகுந்ததை இளமையில் நாள்தோறும் உட்கொள்வோர்க்கோ, சித்தக்கலக்கம் நேரும் வாய்ப்பு மிகுகிறது.

1985-ஆம் ஆண்டுச் சட்டம் தனி இலையைக் கஞ்சாவில் சேர்க்காமையால், சில மாநிலங்களில் பாங்கு உரிமக் கடைகளில் விற்கப்படுகிறது. அதனால் அது மருந்தாகிவிடாது. மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டு இதனை நாடுவோரை எண்ணியே இவ்வளவும் கூறினோம். அயல்மொழியில் மனம் திறக்கத் தயங்குவோர், 14416 என்னும் அரசுத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே கட்டணமின்றி மனநல ஆலோசனை பெறலாம்.