கம்ப்யூட்டர் திரையில் படம் மாயமா? பதற வேண்டாம்!

கடலில் எடுத்த படம் ஒரு முறைதான் கிடைக்கும். வலையில் துள்ளிய மீன் மறுபடியும் துள்ளிக் காட்டாது. தாலி கட்டிய நேரமும் அப்படித்தான்.

அப்படிப்பட்ட படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு, வெட்டி, ஒட்டிக்கொண்டு இருக்கும்போது, திடீரென்று திரையில் பாதி மறைந்துவிட்டால்?

"ஐயோ, எல்லாம் போச்சு!" என்று மனம் பதறும். கண்ட பட்டனையும் கை அழுத்தும்.

உண்மையில் படம் எங்கும் போயிருக்காது. பெரும்பாலும் மறைவது திரையில் உள்ள ஒரு கட்டம்தான். ஆனால், பதறிய கை எதையாவது அழித்துவிட்டால், போகாத படமும் போய்விடும்.

கடலோரத்தில் புதுத் தொழில்

ராமநாதபுரம் மாவட்டத்தில், மன்னார் வளைகுடா கரையில் உள்ள ஊர் மூக்கையூர். அந்த ஊர் மீனவர் நடத்தும் "உங்கள் மீனவன் மூக்கையூர்" என்ற யூ டியூப் சேனலை லட்சக்கணக்கானவர்கள் பார்க்கிறார்கள். கடலையே பார்த்திராதவர்களும், வலை வீசுவது எப்படி, எந்த மீன் எங்கே கிடைக்கும் என்று வீட்டில் இருந்தபடியே தெரிந்துகொள்கிறார்கள்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன் பிடிக்கத் தடை. மீன் குஞ்சு பொரித்துப் பெருகவேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. படகு கரையில் கிடக்கும் அந்த நாட்களில், முன்பே எடுத்து வைத்த படம் ஒரு வீட்டுக்குக் கைகொடுக்கலாம்.

ஆகவே, திரையில் வரும் கோளாறு சிறிய விஷயம் அல்ல. அது சோற்றுப் பிரச்சினையும் ஆகிவிடுகிறது.

வெட்டினாலும் வெட்டுப்படாது!

அந்தக் காலத்தில் சினிமாப் படத்தை உண்மையாகவே வெட்டினார்கள். 1924-ல் வந்த "மூவியோலா" என்ற எந்திரத்தில் சுருளை ஓட்டிப் பார்ப்பார்கள். வேண்டாத இடத்தை வெட்டி எடுப்பார்கள். மிச்சத்தை ஒட்டுவார்கள். தவறாக வெட்டினால் அந்தச் சுருளே துண்டாகிவிடும்.

1989-ல் "அவிட்" என்ற கம்ப்யூட்டர் முறை வந்தது. 1991-ல் "பிரீமியர்" வந்தது. வேலை அடியோடு மாறியது.

கம்ப்யூட்டரில் நீங்கள் படத்தை வெட்டும்போது, அசல் படம் வெட்டுப்படுவதே இல்லை! "இந்தப் படத்தில் 5-வது விநாடி முதல் 12-வது விநாடி வரை காட்டு" என்று ஒரு குறிப்பு மட்டும் எழுதப்படுகிறது. அந்தக் குறிப்புக்குத்தான் "புராஜெக்ட்" என்று பெயர்.

மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். அசல் படம் கடையில் உள்ள அரிசி, பருப்பு. புராஜெக்ட் என்பது கையில் உள்ள மளிகைச் சீட்டு. திரையில் தெரியும் கட்டங்கள், சீட்டைப் படிக்க உதவும் கண்ணாடி.

கண்ணாடி மங்கினால் சீட்டு அழியாது. சீட்டே கிழிந்தாலும் கடையில் அரிசி குறையாது.

கோளாறு வந்ததும் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுதான்: கெட்டது கண்ணாடியா, சீட்டா, சரக்கா?

கட்டம் காணவில்லை!

அடிக்கடி கெடுவது கண்ணாடிதான்.

படத் துண்டுகள் வரிசையாக இருக்கும் கட்டம் மறைந்துவிடும். அல்லது ஒரே கட்டம் திரை முழுவதும் நிறைந்துவிடும். பிரீமியரில், எண் 1-க்கு இடப்பக்கம் உள்ள பட்டனில் விரல் பட்டாலே போதும், இப்படி நடக்கும். அதே பட்டனை மறுபடி அழுத்தினால் பழையபடி ஆகிவிடும்.

அதிலும் சரியாகவில்லையா? மேலே "விண்டோ" என்ற இடத்தில் "வொர்க்ஸ்பேசஸ்" என்று இருக்கும். அதில் "ரீசெட் டு சேவ்டு லேஅவுட்" என்பதைத் தொடுங்கள். இலவசமாகவும் கிடைக்கும் "டாவின்சி ரிசால்வ்" என்ற சாப்ட்வேரில் "வொர்க்ஸ்பேஸ்" என்பதைத் திறந்து, "ரீசெட் யுஐ லேஅவுட்" என்பதைத் தொடவேண்டும். கலைந்த கட்டங்கள் எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்துவிடும்.

இதனால் புராஜெக்டுக்கோ, அசல் படத்துக்கோ ஒரு சேதமும் இல்லை.

சிவப்புத் திரை

படம் இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு திரை வந்து, "மீடியா ஆப்லைன்" என்று காட்டும். இதைப் பார்த்து அழுதவர்களும் உண்டு.

அழவேண்டியது இல்லை. சீட்டில் எழுதிய இடத்தில் சரக்கு இல்லை என்பதுதான் இதன் பொருள். மெமரி கார்டைக் கழற்றி இருப்பீர்கள். அல்லது படத்தின் பெயரை மாற்றி இருப்பீர்கள். அல்லது வேறு இடத்தில் தூக்கி வைத்து இருப்பீர்கள். படம் இருக்கும் புது இடத்தைக் காட்டிக் கொடுத்தால், உடனே உயிர் வந்துவிடும்.

கார்டில் இருந்து நேராக வேலை செய்யக்கூடாது. முதலில் கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள். பிறகு பெயரையும் இடத்தையும் மாற்றாதீர்கள்.

வாய் முந்துகிறது, ஓசை பிந்துகிறது

செல்போனில் எடுத்த படத்தில் இது பெரிய தொல்லை. படகில் நிற்பவர் வாயை மூடிய பிறகு பேச்சு வரும்.

காரணம் என்ன? செல்போன் விநாடிக்கு 30 படம் எடுப்பதாகச் சொல்லும். ஆனால், வெளிச்சம் குறைந்தால் அதுவே எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும். ஓசையோ ஒரே சீராகப் பதிவாகும். விநாடிக்கு 30 படம் என்றால், 10 நிமிடத்துக்கு 18,000 படம் இருக்கவேண்டும். அதில் சில நூறு குறைந்தாலும் வாயும் பேச்சும் பிரிந்துவிடும். விடியுமுன் இருட்டில் கடலில் எடுத்த படத்தில் இது அதிகம் நேரலாம்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. தொடக்கத்தில் எவ்வளவு விலகலோ, முடிவிலும் அவ்வளவேதானா? அப்படியானால் ஓசையைச் சிறிது நகர்த்தினால் போதும். போகப் போக விலகல் கூடுகிறதா? அப்படியானால் படத்தின் எண்ணிக்கைதான் கோளாறு. "ஹேண்ட்பிரேக்" என்ற இலவச சாப்ட்வேரில், "கான்ஸ்டன்ட் பிரேம்ரேட்" என்று வைத்து படத்தை மாற்றி எடுத்து, அதில் வேலையைத் தொடங்கவேண்டும்.

இன்னொரு சோதனையும் உண்டு. 10 விநாடியை மட்டும் தனிப் படமாக வெளியே எடுத்து, செல்போனில் பாருங்கள். அதில் சரியாக இருந்தால், படத்தில் குறை இல்லை. கம்ப்யூட்டர் மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான்.

உடைந்த தமிழ்

"தொண்டி" என்று தலைப்பு எழுதுகிறீர்கள். திரையில் கொம்பு தனியாக நிற்கும். கால் தனியாக நிற்கும். நடுவில் புள்ளி வைத்த வட்டம் ஒன்று முளைக்கும்!

அரிச்சுவடி படிக்கும் குழந்தைக்கும் தெரியும்: "தொ" என்ற எழுத்தில் கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் "த". ஆனால், கம்ப்யூட்டருக்குள் "த" முதலிலும், கொம்பும் காலும் சேர்ந்த குறி அடுத்தும் பதிவாகின்றன. திரையில் காட்டும்போது சாப்ட்வேர்தான் அவற்றை முறைப்படி அடுக்கவேண்டும். ஆங்கிலத்துக்காகவே எழுதப்பட்ட சாப்ட்வேருக்கு அந்த வித்தை தெரியாது.

பிரீமியரில் இதற்கு வழி இருக்கிறது. "பிரிபரன்சஸ்" பகுதியில் "கிராபிக்ஸ்" என்ற இடத்தில், "சவுத் ஏசியன்" என்று தொடங்கும் எழுத்து முறையைத் தேர்ந்தெடுங்கள். பிறகு தலைப்பைப் புதிதாக அடியுங்கள். தமிழ் ஒழுங்காக வரும்.

தமிழுக்குப் பதில் வெறும் ஆங்கில எழுத்தாகத் தெரிகிறதா? அது "பாமினி" போன்ற பழைய முறையில் அடித்ததாக இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அது தமிழாகத் தெரியாது. யூனிகோடு முறையில் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை. 1991-ல் வந்த முதல் யூனிகோடிலேயே தமிழுக்கு இடம் உண்டு.

உப்பும், சூடும், மின்வெட்டும்

சில கோளாறுகள் சாப்ட்வேரில் பிறப்பதில்லை.

கடற்காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. அவை உலோகத்தை அரிக்கும். விசிறியில் தூசி படியும். உள்ளே சூடு ஏறினால் கம்ப்யூட்டர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். படம் விட்டு விட்டு ஓடும். "சாப்ட்வேர் சரியில்லை" என்று பழி போடுவோம். விசிறியைத் துடைத்தால் பாதித் தொல்லை தீரலாம். வட்டில் இடம் நிரம்பி இருந்தாலும் இதே கதிதான்.

படம் கறுப்பாகவோ, பச்சையாகவோ தெரிந்தால், புராஜெக்ட் அமைப்பில் "சாப்ட்வேர் ஒன்லி" என்று மாற்றிப் பாருங்கள். வேகம் குறையும். ஆனால் படம் நன்றாக வந்துவிட்டால், கோளாறு கிராபிக்ஸ் கார்டின் பக்கம் என்பது தெரிந்துவிடும். அந்தக் கார்டை இயக்கும் "டிரைவர்" என்ற சாப்ட்வேரைப் புதுப்பிக்கவேண்டும். புதுப்பித்த பிறகுதான் கோளாறு வந்தது என்றால், பழையதற்கே திரும்பவேண்டும்.

மின்சாரம் போனால் எழுதிய குறிப்பு போகும். "யு.பி.எஸ்." இருந்தால் சேமிக்க நேரம் கிடைக்கும். பிரீமியர் அவ்வப்போது தானாகவே நகல் எடுத்து, புராஜெக்ட் இருக்கும் இடத்தில் "ஆட்டோ சேவ்" என்ற பெயரில் வைக்கும். முதலில் அங்கே தேடுங்கள்.

எஞ்சின் நின்றால்...

நடுக்கடலில் எஞ்சின் நின்றால் மீனவர் அதைக் கழற்றிக் கடலில் எறிவதில்லை. டீசல் இருக்கிறதா என்று பார்ப்பார். வடிகட்டி அடைத்து இருக்கிறதா என்று பார்ப்பார். குழாயில் காற்று புகுந்து இருக்கிறதா என்று பார்ப்பார். ஒவ்வொன்றாகத்தான் பார்ப்பார். எதைத் தொட்டபோது எஞ்சின் ஓடியதோ, அதுதான் கோளாறு என்று கண்டுகொள்வார்.

கம்ப்யூட்டரிலும் அதே முறைதான். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஐந்தை ஒன்றாக மாற்றினால், நோய் தீர்ந்தாலும் எந்த மருந்தில் தீர்ந்தது என்று தெரியாது. அடுத்த முறை மறுபடியும் திண்டாட்டம்தான்.

எதற்கும் முன்னால் செய்யவேண்டியது ஒன்று உண்டு. அசல் படத்தை இரண்டு இடத்தில் வையுங்கள். கண்ணாடி உடைந்தால் வேறு வாங்கலாம். சீட்டு கிழிந்தால் மறுபடி எழுதலாம். சரக்கு போய்விட்டால், கடலிடம் போய்த் திருப்பிக் கேட்க முடியாது!