நோயாளி சொல்லாததையும் உடல் சொல்லும்: தாதியர் மாணவர்கள் கற்கும் உடற்பரிசோதனை

சுங்கைப்பட்டாணி - எஸ்.பி.எம். முடித்து தாதியர் படிப்பில் சேரும் நம் பிள்ளைகள், தொடக்கத்திலேயே கற்க வேண்டிய பாடங்களுள் ஒன்று உடற்பரிசோதனை. பாக்கார் ஆராங்கிலோ பீடோங் தோட்டப்புறங்களிலோ வளர்ந்த மாணவர்களுக்கு இந்தப் பாடம் ஏட்டோடு நிற்பதில்லை. வீட்டில் உள்ள தாத்தா பாட்டியின் உடல்நிலையைப் புரிந்துகொள்ளவும் அது கைகொடுக்கும்.

பரிசோதனை பேச்சில்தான் தொடங்குகிறது. நோயாளி சொல்வது ஒருவகைத் தகவல். தாதி கண்டறிவது இன்னொரு வகை. நம் பெரியவர்கள் பலர் "ஒன்னுமில்லம்மா, லேசா அசதி" என்று முடித்துவிடுவார்கள். அதனால் இரண்டாவது வகைக்கு மதிப்பு அதிகம்.

நான்கு வழிகள்

கண்ணால் பார்ப்பது, கையால் தொட்டு அறிவது, விரலால் தட்டிப் பார்ப்பது, ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பது என நான்கு முறைகள் உள்ளன. தட்டிப் பார்க்கும் முறையை 1761-இல் நூலாக வெளியிட்டவர் ஆஸ்திரிய மருத்துவர் ஆவன்புருக்கர். தேங்காயைத் தட்டி முற்றலா இளசா என்று சொல்லும் நம்மவர்களுக்கு இது எளிதில் விளங்கும். காற்று நிறைந்த நுரையீரல் கணீரென ஒலிக்கும். நீர் கோத்த இடம் மந்தமாக ஒலிக்கும். ஸ்டெதஸ்கோப்பை 1816-இல் உருவாக்கியவர் பிரான்சின் லேனெக்.

வயிற்றுக்கு மட்டும் வரிசை மாறும். பார்த்தவுடன் முதலில் கேட்க வேண்டும். பிறகுதான் தட்டவும் அழுத்தவும் வேண்டும். முன்கூட்டியே அழுத்தினால் குடலின் ஓசை மாறிவிடும்.

நாடியும் மூச்சும்

ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு நாடித் துடிப்பு நிமிடத்திற்கு 60 முதல் 100 வரையும், மூச்சு 12 முதல் 20 வரையும் இருக்கும். "மூச்சை எண்ணப் போகிறேன்" என்று சொன்னால் நோயாளி தம்மை அறியாமல் மூச்சு விடும் வேகத்தை மாற்றிவிடுவார். எனவே நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்தபடியே மூச்சை எண்ணிவிடுவது தாதியர் கையாளும் உத்தி.

கறுத்த தோலில் கவனம்

உடல் வெளிறுவதும் நீலம் பாய்வதும் வெளுத்த தோலில் உடனே தெரியும். கறுத்த தோலில் அவை மறைந்துவிடக்கூடும். அதனால் கீழ் இமையின் உட்புறம், நாக்கு, உதடு, உள்ளங்கை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மஞ்சள்காமாலைக்குக் கண்ணின் வெள்ளைப் பகுதியைப் பார்ப்பார்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியும் கறுத்த தோலில் சில வேளை உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டுவதுண்டு. எண்ணை மட்டும் நம்பாமல் ஆளையும் பார்க்க வேண்டும்.

மொழியும் ஒரு மருந்து

தலையில் அடிபட்டவரின் நினைவுநிலையை அளக்க, 1974-இல் கிளாஸ்கோ நகரில் உருவான அளவுகோல் பயன்படுகிறது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என மொத்தம் 15 புள்ளிகள். ஆகக் குறைவு 3. தமிழ் மட்டுமே சரளமாகப் பேசும் மூதாட்டியிடம் மலாயில் கேள்வி கேட்டு, பதில் வராததைக் குழப்பம் என்று எடுத்துக்கொண்டால் புள்ளி தவறிவிடும். தமிழறிந்த தாதி ஒருவர் அருகில் இருந்தால் அந்தப் பிழை நேராது.

காலைப் பாருங்கள்

2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அதன் விகிதம் இன்னும் அதிகம். இனிப்புநீர் நரம்புகளைப் பாதித்தால் காலில் முள் தைத்தாலும் வலிக்காது. 10 கிராம் அழுத்தம் தரும் மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் வைத்து, உணர்ச்சி இருக்கிறதா என்று தாதியர் சோதிப்பார்கள். பாதத்தின் நாடியையும் விரல் இடுக்குகளையும் பார்ப்பார்கள். தொடக்கத்திலேயே தெரிந்த சிறு புண், பின்னாளில் காலையே எடுக்கும் நிலையைத் தவிர்க்கக்கூடும்.

குடும்பத்தார் செய்யக்கூடியவை

கிளினிக்குக்கோ மருத்துவமனைக்கோ போகும்போது, உட்கொள்ளும் மருந்துகளை நாட்டு மருந்து உட்பட உறையோடு கொண்டுசெல்லுங்கள். காலுறையைக் கழற்றச் சொன்னால் கூச்சப்பட வேண்டாம். வலி எங்கே, எப்போது தொடங்கியது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்ற நான்கையும் சொல்லுங்கள். பெரியவர் சொல்லத் தயங்கினால், உடன் வருபவர் எடுத்துச் சொல்லலாம்.