21 நாடுகளிடம் கேட்டார்... எங்கே போனார் ஸ்னோடென்? அடைக்கலம் என்பது சட்டமா, அரசியலா?

2013, ஜூன் 24. மாஸ்கோவின் ஷெரமெத்யேவோ விமான நிலையத்தில் இருந்து கியூபா தலைநகர் ஹவானாவுக்குக் கிளம்பத் தயாராக நின்றது ஏரோஃப்ளோட் விமானம். உள்ளே பல நாட்டுச் செய்தியாளர்கள். எல்லோருடைய கண்ணும் 17ஏ என்ற ஜன்னலோர இருக்கை மேலேயே இருந்தது. உலகமே தேடிக்கொண்டிருந்த எட்வர்ட் ஸ்னோடென் அங்கே வந்து உட்காருவார் என்பதுதான் தகவல்.

கதவு மூடப்பட்டது. அவர் வரவில்லை. டிக்கெட் போட்டு ஏறிய செய்தியாளர்கள், காலி இருக்கையை போட்டோ எடுத்து ட்விட்டரில் போட்டுவிட்டு ஹவானா வரை போய் வந்ததுதான் மிச்சம்!

அடுத்த சில வாரங்களுக்கு, 'ஸ்னோடென் எங்கே?' என்பதுதான் உலகச் செய்தி. அதை விடப் பெரிய கேள்வி ஒன்று அதற்குப் பின்னால் இருந்தது. ஒரு நாடு துரத்தும் மனிதருக்கு இன்னொரு நாடு இடம் கொடுப்பதை எது முடிவு செய்கிறது?

யார் இந்த ஸ்னோடென்?

சிஐஏவில் வேலை பார்த்தவர். பிறகு, அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமையான என்எஸ்ஏவுக்காக ஒரு தனியார் ஒப்பந்த நிறுவனம் மூலம் ஹவாயில் வேலை செய்தார். அங்கிருந்து ரகசிய ஆவணங்களுடன் 2013 மே மாதம் ஹாங்காங் போனார். ஜூன் 5 முதல் 'தி கார்டியன்' நாளிதழில் செய்திகள் வெடிக்க ஆரம்பித்தன. வெரிசான் வாடிக்கையாளர்களான பல லட்சம் அமெரிக்கர்களின் போன் விவரங்களை அரசு மொத்தமாக அள்ளுவது தெரியவந்தது. ப்ரிஸம் என்ற திட்டத்தின் பெயரும் அப்போதுதான் வெளியே வந்தது.

ஜூன் 9-ம் தேதி, 'இதையெல்லாம் கொடுத்தது நான்தான்' என்று அவரே முகத்தைக் காட்டினார். அப்போது அவருக்கு வயது 29.

அமெரிக்கா அவர் மீது 3 குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்தது. அதில் இரண்டு, 1917-ம் ஆண்டின் உளவுச் சட்டத்தின் கீழ் வருபவை. ஒவ்வொன்றுக்கும் 10 ஆண்டுகள் வரை சிறை. 'பொதுநலனுக்காகத்தான் வெளியிட்டேன்' என்று நீதிமன்றத்தில் வாதாட இந்தச் சட்டத்தில் இடமில்லை. அவர் அமெரிக்கா திரும்ப மறுப்பதற்குச் சொல்லும் முக்கியக் காரணமே இதுதான்.

ஹாங்காங் ஏன் பிடித்துக் கொடுக்கவில்லை?

ஹாங்காங்குக்கும் அமெரிக்காவுக்கும் அப்போது குற்றவாளிகளை ஒப்படைக்கும் ஒப்பந்தம் இருந்தது. ஆனால், அமெரிக்கா அனுப்பிய ஆவணங்கள் எங்கள் சட்டத்துக்கு முழுசாகப் பொருந்தவில்லை என்றது ஹாங்காங் அரசு. அவருடைய நடுப்பெயர்கூட ஆவணத்துக்கு ஆவணம் மாறியிருந்ததை ஹாங்காங் நீதித் துறைச் செயலாளர் சுட்டிக்காட்டினார். அந்த இடைவெளியில், ஜூன் 23 அன்று ஸ்னோடென் மாஸ்கோவுக்கு விமானம் ஏறிவிட்டார்.

அதற்கு முந்தைய நாட்களில் அவர் ஹாங்காங்கில் எங்கே இருந்தார்? பதில் 2016-ல்தான் வெளியே வந்தது. இலங்கை, பிலிப்பைன்ஸ் நாடுகளில் இருந்து வந்து அடைக்கலம் கேட்டுக் காத்திருந்தவர்களின் நெருக்கடியான வீடுகளில்தான் அவர் ஒளிந்திருந்தார். உளவுத் துறைகள் தேடிய ஆளுக்கு முதலில் இடம் கொடுத்தது, தங்களுக்கே சொந்தமாக ஒரு நாடு இல்லாமல் தவித்தவர்கள்தான்.

விமான நிலையத்தில் சிக்கியது எப்படி?

கிளம்புவதற்கு முன்பே அவருடைய பாஸ்போர்ட்டை அமெரிக்கா ரத்து செய்துவிட்டது. லண்டனில் இருந்த ஈக்வடார் தூதரக அதிகாரி ஒருவர் கொடுத்த பயணக் கடிதத்தை, ஈக்வடார் அதிபர் ரஃபேல் கொரியாவே செல்லாது என்று சொல்லிவிட்டார். கையில் செல்லுபடியாகும் காகிதம் எதுவும் இல்லை. மேலே பறக்கவும் முடியாது, ரஷ்யாவுக்குள் நுழையவும் முடியாது.

டிரான்ஸிட் பகுதி என்பது விமானம் மாறுகிறவர்கள் காத்திருக்கும் இடம். அந்த இடமும் ரஷ்ய மண்தான். ஆனால், பாஸ்போர்ட் சோதனையைத் தாண்டாதவரை 'அவர் எங்கள் எல்லைக்குள் நுழையவே இல்லை' என்று சொல்லிக்கொள்ளலாம். புதின் சொன்னதும் அதையேதான். ரஷ்யாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஒப்படைப்பு ஒப்பந்தம் கிடையாது என்பதும் அவருக்கு வசதியாகப் போனது.

21 நாடுகள்... 21 பதில்கள்

விக்கிலீக்ஸ் வெளியிட்ட பட்டியல்படி, ஸ்னோடென் மொத்தம் 21 நாடுகளிடம் அடைக்கலம் கேட்டார். ஜெர்மனி, பிரான்ஸ், நார்வே, பிரேசில், சீனா... அந்தப் பட்டியலில் இந்தியாவும் உண்டு!

பல ஐரோப்பிய நாடுகள் சொன்ன காரணம் ஒன்றுதான்: 'எங்கள் மண்ணுக்கு வந்து மனு கொடுங்கள்.' பாஸ்போர்ட்டே இல்லாத ஆள் எப்படி வருவார்? அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

இந்தியாவின் பதில் ஜூலை 2-ம் தேதி வந்தது. மனுவைப் பரிசீலித்ததாகவும், ஏற்கக் காரணம் இல்லை என்றும் வெளியுறவுத் துறை சொன்னது. இத்தனைக்கும், 2013 மார்ச் என்ற ஒரே மாதத்தில் இந்தியாவில் இருந்து 630 கோடி தகவல் துணுக்குகளை என்எஸ்ஏ திரட்டியதாகச் சொன்னது ஸ்னோடென் கொடுத்த ஆவணம்தான். அதிகம் கண்காணிக்கப்பட்ட நாடுகளில் இந்தியாவுக்கு 5-வது இடம்.

இந்தியா 1951-ம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. யாரை ஏற்பது என்பது முழுக்க முழுக்க அரசின் முடிவு. தமிழ்நாட்டு முகாம்களில் பல ஆண்டுகளாக வாழும் ஈழத் தமிழர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை.

அதிபரின் விமானமே திருப்பிவிடப்பட்ட கதை

அதே ஜூலை 2. மாஸ்கோவில் ஒரு மாநாட்டை முடித்துக்கொண்டு சொந்த ஊருக்குக் கிளம்பினார் பொலிவியா அதிபர் ஈவோ மொராலெஸ். ஸ்னோடெனுக்கு அடைக்கலம் தருவது பற்றி யோசிப்போம் என்று அவர் பேட்டி கொடுத்திருந்தார். அவ்வளவுதான். அவருடைய விமானத்தில் ஸ்னோடென் ஒளிந்திருக்கிறார் என்று வதந்தி கிளம்பியது. பிரான்ஸ், ஸ்பெயின், போர்ச்சுகல், இத்தாலி ஆகிய நாடுகள் தங்கள் வான்வழியை மறுத்ததாகப் புகார் சொன்னது பொலிவியா. விமானம் வியன்னாவில் இறங்கியது. ஒரு நாட்டின் அதிபர் சுமார் 14 மணி நேரம் அங்கே காத்திருந்தார்.

விமானத்தில் ஸ்னோடென் இல்லை!

தென் அமெரிக்கத் தலைவர்கள் கொதித்தார்கள். பிரான்ஸ் வருத்தம் தெரிவித்தது. வதந்திக்குப் பலனும் நேர்மாறாகக் கிடைத்தது. அதே வாரத்தில் வெனிசுலா, நிகரகுவா, பொலிவியா மூன்றும் 'நாங்கள் இடம் தருகிறோம்' என்று அறிவித்தன. ஆனால், அங்கே போய்ச் சேர வழிதான் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

துன்புறுத்தலுக்குப் பயந்து வேறு நாட்டில் அடைக்கலம் தேடும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்கிறது ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனம். தேடத்தான் உரிமை. கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்த நாட்டையும் அது கட்டாயப்படுத்தவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. வழக்கு வேறு, துன்புறுத்தல் வேறு. 'அவர் மீது இருப்பது சாதாரணக் குற்ற வழக்கு' என்றது அமெரிக்கா. 'அரசியல் காரணத்துக்காகத் துரத்துகிறார்கள்' என்றார் ஸ்னோடென். இதில் எது சரி என்பதை, மனுவை வாங்கும் நாடுதான் முடிவு செய்யும். அமெரிக்காவைப் பகைத்துக்கொள்ளத் தயாரா என்ற கணக்கையும் அந்த நாடு சேர்த்தே போட்டுப் பார்க்கும்.

மரண தண்டனை கேட்க மாட்டோம், சித்ரவதை நடக்காது என்று ரஷ்யாவுக்கு எழுத்துப்பூர்வமாக உறுதி கொடுத்தார் அன்றைய அமெரிக்க அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர். நாடு திரும்ப மட்டும் செல்லும் ஒரு பாஸ்போர்ட் தருவதாகவும் சொன்னார். ரஷ்யா அசையவில்லை. ஆகஸ்ட் 1-ம் தேதி ஓராண்டுத் தற்காலிக அடைக்கலம் கொடுத்தது. 39 நாட்களுக்குப் பிறகு ஸ்னோடென் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தார். அடுத்த வாரமே, புதினுடன் மாஸ்கோவில் நடக்க இருந்த சந்திப்பை ரத்து செய்தார் ஒபாமா.

அதன் பிறகு?

2015-ல் போன் விவரங்களை மொத்தமாக அள்ளும் திட்டத்துக்கு அமெரிக்க நாடாளுமன்றமே முற்றுப்புள்ளி வைத்தது. அந்தத் திட்டம் சட்டத்துக்குப் புறம்பானது என்று 2020-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. ஆனாலும், அதை வெளியே சொன்னவர் மீதான வழக்கு முடிவுக்கு வரவில்லை. 2022 செப்டம்பரில், உக்ரைன் போருக்கு நடுவே, அவருக்கு ரஷ்யக் குடியுரிமை கொடுத்தார் புதின். அரசுக் கண்காணிப்பை எதிர்த்துக் கிளம்பியவர், கருத்துச் சுதந்திரத்தை நெரிக்கும் ஒரு நாட்டின் குடிமகன் ஆனார். விமர்சகர்கள் அவரை விடாமல் குத்திக்காட்டுவது இதைத்தான்.

ஹாங்காங்கில் அவருக்கு இடம் கொடுத்தவர்கள் என்ன ஆனார்கள்? அவர்களுடைய அடைக்கல மனுக்களை 2017-ல் ஹாங்காங் நிராகரித்தது. பிலிப்பைன்ஸ் பெண்ணும் அவருடைய மகளும் 2019-ல் கனடா போய்ச் சேர்ந்தார்கள். இலங்கைத் தம்பதியும் அவர்களின் இரண்டு பிள்ளைகளும் 2021 வரை காத்திருந்தார்கள்.

ஸ்னோடெனுக்கு ரஷ்யா முடிவு சொல்ல ஆனது 39 நாட்கள். அவருக்குச் சோறு போட்ட குடும்பத்துக்குக் கனடாவின் கதவு திறக்க, அவர் கிளம்பிய பிறகும் எட்டு ஆண்டுகள் ஆகின. வல்லரசுகளின் சதுரங்கத்தில் உங்களால் ஒரு காய் நகருமா என்பதைப் பொறுத்தே பல நேரங்களில் அடைக்கலம் சீக்கிரம் கிடைப்பதும், தாமதமாவதும்!