ஒரு முறை சிசேரியன் ஆன பின் வீட்டில் பிரசவமா?

கத்திக்கு அஞ்சும் தாய்மாரும், உயிருக்கு அஞ்சும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

கரமனையிலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் பாப்பனங்கோட்டைத் தாண்டினால் வருவது காரைக்காமண்டபம். 2024 பிப்ரவரி 20-ந் தேதி அங்கே ஒரு வீட்டில் நடந்த பிரசவத்தில் தாயும் சேயும் மாண்டு போயினர். அந்தப் பெண்மணிக்கு முன்பு சிசேரியன் ஆகியிருந்தது. ஆயினும் இந்தப் பிரசவம் வீட்டிலேயே என்று தீர்மானமாகியிருந்தது. சுகாதார ஊழியர்கள் வீடு தேடிச் சென்று எச்சரித்தும் பலனில்லை. பிறகு போலீஸ் வழக்கு, கைது என்று செய்தி வளர்ந்தது.

செய்தியைப் படித்தவர்களில் பலர் "என்ன மூடத்தனம்!" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள். ஆனால் அவ்வளவு சுலபமாக ஒதுக்கிவிடக் கூடிய விஷயம் அல்ல இது. 2019-21-ல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, கேரளத்தில் 100 பிரசவங்களில் சுமார் 39 சிசேரியன். தமிழ்நாட்டில் சுமார் 45. ஆகவே, "முதல் குழந்தை ஆபரேஷன், இரண்டாவது எப்படி?" என்ற கேள்வி இன்று தெருவுக்குத் தெரு, லைன் வீட்டுக்கு லைன் வீடு இருக்கிறது.

பயம் நியாயமானதே

இரண்டாவது முறை வயிற்றில் கத்தி வைக்க வேண்டாம் என்று ஒரு பெண் நினைப்பதில் தவறில்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடந்திருக்கும். அம்மா, பெரியம்மா, சித்தி என்று கைமாற்றுக்கு ஆள் இருந்திருக்கும். இங்கே கணவர் சாலைக் கடைத்தெருவிலோ ஆபீஸிலோ வேலை பார்ப்பவர். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். வயிற்றில் தையலோடு தண்ணீர்க் குடம் தூக்கவும், மூத்த குழந்தையைக் குளிப்பாட்டவும் யார் வருவார்கள்?

ஆஸ்பத்திரியைப் பற்றிய மனக்குறையும் உண்டு. பிரசவ அறையில் கேட்ட கடுஞ்சொல், துணைக்கு யாரையும் உள்ளே விடாதது, "தலை இறங்கவில்லை" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கியது எல்லாம் மனதில் தங்கிவிடுகின்றன. "அத்தை நாலு பிள்ளைகளையும் வீட்டில்தானே பெற்றார்கள்?" என்ற எண்ணம் இந்த இடத்தில்தான் முளைக்கிறது.

வைத்திய ரீதியாகவும் அந்தப் பெண்ணின் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு சிசேரியனும் அடுத்த கர்ப்பத்தின் ஆபத்தைக் கூட்டுகிறது. நஞ்சு கர்ப்பப்பையின் வாயருகே இறங்கி, பழைய தழும்பின் மேல் வேரோடிவிட்டால் பெருத்த ரத்தப்போக்கு ஏற்படும். சில சமயம் கர்ப்பப்பையையே எடுக்க நேரும். நஞ்சு கீழே இறங்கியுள்ள பெண்களில் இப்படி வேரோடுவது, ஒரு சிசேரியன் ஆனவர்களில் 100-க்கு 11 பேருக்கு. இரண்டு ஆனவர்களில் 40 பேருக்கு. அதனால்தான், முடிந்தால் சுகப்பிரசவமே ஆகட்டும் என்று டாக்டர்களும் கருதுகிறார்கள்.

பழைய விதி மாறிய கதை

ஒரு தடவை சிசேரியன் ஆகிவிட்டால் எப்போதும் சிசேரியன்தான் என்ற விதியை 1916-ல் எழுதி வைத்தவர் நியூயார்க் டாக்டர் எட்வின் கிராகின். அந்தக் காலத்தில் கர்ப்பப்பையை மேலிருந்து கீழாக நீள வாட்டில் அறுப்பார்கள். சதை அதிகம் சுருங்கி விரியும் பாகம் அது. அடுத்த பிரசவத்தின் வலியைத் தழும்பு தாங்காது.

1920-களில் கிளாஸ்கோ நகரின் டாக்டர் மன்றோ கெர், கர்ப்பப்பையின் கீழ்ப் பாகத்தில் குறுக்காக அறுக்கும் முறையைப் பரப்பினார். இந்தத் தழும்பு உறுதியானது. இன்று பெரும்பாலும் செய்யப்படுவது இதுதான். அமெரிக்க அரசின் சுகாதாரக் கழகம் 1980-ல் கூட்டிய நிபுணர் மாநாடு, தகுந்த பெண்களுக்கு சிசேரியனுக்குப் பிறகும் சுகப்பிரசவத்துக்கு இடம் கொடுக்கலாம் என்று சொன்னது.

இப்படி முயற்சி செய்யும் பெண்களில் 100-க்கு 72 முதல் 75 பேருக்கு சுகப்பிரசவம் ஆகிவிடுகிறது. முன்பு ஒரு தடவையாவது சுகப்பிரசவம் ஆனவர்களில் 85 முதல் 90 பேருக்கு ஆகிறது. மீதிப் பேருக்கு நடுவழியில் மறுபடி சிசேரியன் தேவைப்படுகிறது. அந்த நடுவழியில் அவர்கள் எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம்.

இருநூறில் ஒருத்தி

கீழ்ப் பாகத்தில் குறுக்குத் தழும்பு ஒன்று மட்டும் உள்ள பெண்களில், வலி கண்ட பிறகு 200-க்கு ஒருவருக்கு அந்தத் தழும்பு பிளந்துகொள்கிறது. இரண்டு சிசேரியன் ஆனவர்களில் இது 100-க்கு ஒன்றுக்கு மேல். நீள வாட்டில் அறுத்திருந்தால் இன்னும் பல மடங்கு. முந்தைய பிரசவத்துக்கும் இதற்கும் ஒன்றரை வருஷம்கூட இடைவெளி இல்லையென்றால் ஆபத்து கூடும். வலியைத் தூண்ட ஊசி போட்டாலும் கூடும். கைராசிக்காரர் என்று யாரையோ வீட்டுக்கு அழைத்து வந்து வலி ஊசி போடச் சொல்வதைவிடக் கொடிய காரியம் வேறில்லை.

"200-ல் 199 பேருக்கு ஒன்றும் ஆகாது" என்று மனைவி சொன்னால் அது உண்மை. "அந்த ஒருத்தி நீயாக இருந்தால்?" என்று கணவர் கேட்டால் அதுவும் உண்மை. யார் அந்த ஒருத்தி என்று முன்கூட்டிக் கண்டுபிடிக்க எந்த ஸ்கேனாலும் நிச்சயமாக முடியாது.

நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்குப் பாயும் ரத்தம் நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கும் அதிகம். தழும்பு பிளந்தால் அந்த ரத்தம் வயிற்றுக்குள்ளேயே கொட்டும். வெளியே கொஞ்சமே தெரியும். தழும்பின் இடத்தில் விட்டுப் போகாத வலி, வந்துகொண்டிருந்த இடுப்பு வலி சட்டென்று நின்று போவது, மயக்கம் ஆகியவை அறிகுறிகள். ஆனால் பெரும்பாலும் இவற்றுக்கெல்லாம் முன்னால் மாறுவது குழந்தையின் இருதயத் துடிப்பு. ஆகையால்தான் ஆஸ்பத்திரியில் வலி நேரம் முழுவதும் கருவி வைத்து அதைக் கவனிக்கிறார்கள். அனுபவமுள்ள மருத்துவச்சியானாலும், இங்கே சொல்கிற வயற்றாட்டியானாலும், விட்டுவிட்டுக் காது வைத்துக் கேட்பது இதற்கு ஈடாகாது.

துடிப்பு விழுந்த பிறகு எவ்வளவு நேரம் இருக்கிறது? 1993-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், 18 நிமிஷமோ அதற்கு மேலோ தாமதமாக எடுக்கப்பட்ட குழந்தைகளுக்கே பெரும் பாதிப்பு நேர்ந்தது தெரிய வந்தது. தைக்காடு ஆஸ்பத்திரி கரமனைக்கு அருகில்தானே என்று நினைக்கலாம். வண்டி வர வேண்டும், மாடியிலிருந்து தாயை இறக்க வேண்டும், கிள்ளிப்பாலம் சிக்னலைக் கடக்க வேண்டும், தியேட்டர் தயாராக வேண்டும், மயக்க மருந்து டாக்டர் வர வேண்டும், ரத்தம் பொருத்திப் பார்க்க வேண்டும். ஆற்றுகால் பொங்கல் நாளாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

"வெளிநாட்டில் வீட்டில்தானே பெறுகிறார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. அங்கெல்லாம் பயிற்சி பெற்ற மருத்துவச்சி வீட்டுக்கு வருகிறார். ஆபத்து குறைந்தவர்களுக்கே அந்த ஏற்பாடு. முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கு வீட்டுப் பிரசவம் கூடவே கூடாது என்று அமெரிக்கப் பிரசவ மருத்துவர் சங்கம் திட்டமாகச் சொல்கிறது. தியேட்டர் வசதியுள்ள ஆஸ்பத்திரியிலேயே முயற்சி செய்ய வேண்டும் என்பதே பிரிட்டிஷ் மருத்துவக் கல்லூரியின் கருத்தும். அப்படி ஆஸ்பத்திரியில் முயன்றால், பிரசவத்தால் குழந்தையை இழக்கும் அபாயம் தலைப்பிரசவத்துப் பெண்ணுக்கு உள்ள அளவே. மிகச் சொற்பம்.

தைக்காட்டில் ஒரு டாக்டரம்மா

கிராகின் தமது விதியை எழுதிய அதே 1916-ல், தைக்காடு பெண்கள் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பொறுப்பேற்றவர் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ். ஆஸ்பத்திரியில் போய்ப் பெறுவதா என்று ஜனங்கள் தயங்கிய காலம் அது. அவர் வயற்றாட்டிகளை விரட்டவில்லை. அவர்களுடைய பிள்ளைகளுக்கே பிரசவப் பயிற்சி கொடுத்து அவர்களைத் தம் பக்கம் சேர்த்துக்கொண்டார். தம் தலைப்பிரசவத்தையும் அந்த ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார். கேரளத்தின் முதல் சிசேரியனை 1920-ல் செய்தவராகவும் அவர் குறிப்பிடப்படுகிறார்.

அன்று நம்பிக்கை அப்படித்தான் வந்தது. இன்றும் வீட்டுப் பிரசவம் என்று பிடிவாதம் பிடிக்கும் பெண்ணிடம் போலீஸ் என்று மிரட்டுவதைவிட, "உனக்கு எதில் பயம்?" என்று கேட்பது பலன் தரும். கத்தியில் பயமா, தனிமையில் பயமா, பிரசவ அறையின் ஏச்சில் பயமா என்று தெரிந்தால் ஒவ்வொன்றுக்கும் வழி தேடலாம்.

என்ன செய்ய வேண்டும்?

முதலில் பழைய டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுங்கள். வெளியில் தெரியும் தழும்பை வைத்து உள்ளே எப்படி அறுத்தார்கள் என்று சொல்ல முடியாது. தோலில் குறுக்காக இருந்து, கர்ப்பப்பையில் நீளமாக இருக்கலாம். அது எழுதியிருப்பது அந்தக் காகிதத்தில் மட்டுமே. நம்மவர்களில் பலருக்கு முதல் பிரசவம் ஆசாரிப்பள்ளத்திலோ திருநெல்வேலியிலோ மதுரையிலோ ஆகியிருக்கும். சீட்டு தாய்வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது மறக்காமல் கொண்டு வாருங்கள். தொலைந்திருந்தால் அந்த ஆஸ்பத்திரியில் நகல் கேளுங்கள்.

அடுத்து, ஐந்தாம் மாதத்துக்குள் கணவனும் மனைவியும் சேர்ந்து போய் டாக்டரிடம் இவற்றைக் கேளுங்கள்:

முதல் சிசேரியன் எதற்காகச் செய்யப்பட்டது? அந்தக் காரணம் இப்போதும் உண்டா?

நஞ்சு எங்கே இருக்கிறது? பழைய தழும்பின் மேலா?

எனக்கு சுகப்பிரசவத்துக்கு இடம் கொடுப்பீர்களா? இங்கே ராத்திரியிலும் தியேட்டர், மயக்க மருந்து டாக்டர், ரத்தம் உண்டா?

வலி வராமல் நாள் தள்ளிப்போனால் என்ன செய்வீர்கள்?

துணைக்கு ஒரு பெண்ணை உள்ளே விடுவீர்களா?

கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பிரசவ நேரத்தில் ஒரு பெண் துணை இருக்கலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2016-லேயே அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அனுமதி அளித்துள்ளது. ஓர் ஆஸ்பத்திரியில் முடியாது என்றால் இன்னோர் ஆஸ்பத்திரியில் கேட்கலாம். மருத்துவக் கல்லூரி வளாகத்தில் எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரி இருக்கிறது.

செலவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. 2011-ல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம், சிசேரியன் ஆனாலும், மருந்து, ரத்தம் உள்பட இலவசம்.

இடுப்பு வலி கண்டால் வீட்டில் காத்திருக்காமல் உடனே போய்ச் சேருங்கள். மூத்த குழந்தையை யார் பார்த்துக்கொள்வது, ஊரிலிருந்து அம்மா எந்தத் தேதிக்கு வருவது, எந்த வண்டியைக் கூப்பிடுவது என்பதையெல்லாம் எட்டாம் மாதத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். நடு ராத்திரியில் வலி எடுத்த பிறகு குடும்பம் கூடி வாதாடுவதற்கு நேரம் இராது.