துரையப்பா அரங்கில் மீண்டும் ஆட்டம்

தொம்மலூர்ப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை பந்து விளையாடச் சந்துதான் கதி. இங்கே குறை இடநெருக்கடி. யாழ்ப்பாணத்திலோ மைதானம் இருந்தும் விளையாட முடியாத காலம் ஒன்று இருந்தது. காரணம், போர்.

யாழ்ப்பாண மேயராயிருந்து 1975-ல் சுட்டுக் கொல்லப்பட்ட ஆல்பிரட் துரையப்பாவின் பெயர் தாங்கிய விளையாட்டரங்கம் அந்நகரில் உள்ளது. உள்நாட்டுப் போரில் அது பாழாயிற்று. 1999-ல் அங்கே மண்ணைத் தோண்டியபோது மனித எலும்புக்கூடுகள் கிடைத்தன.

பள்ளி விளையாட்டும் தப்பவில்லை. யாழ். மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் (அங்கே பெரிய பள்ளிகளைக் கல்லூரி என்பார்கள்) 1904 முதல் மோதிவரும் கிரிக்கெட் போட்டி போர்க்காலத்தில் தடைப்பட்டது. ஆனால் இரு பள்ளிகளும் அதைக் கைவிடவில்லை. நிலைமை தெளிந்தபோதெல்லாம் மீண்டும் ஆடின.

2009-ல் போர் முடிந்தது. அரங்கம் சீராக மேலும் ஏழு ஆண்டுகள் ஆயின. இந்தியா சுமார் 7 கோடி ரூபாய் செலவில் புதுப்பித்துக் கொடுத்தது. 2016 ஜூன் 18-ல் திறப்பு விழா. அன்றே ஆயிரக்கணக்கான மாணவர்கள் அங்கே யோகாசனம் செய்தனர். அந்த ஆண்டுகளில்தான் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் அனிதா ஜெகதீஸ்வரன், பெண்கள் கோலூன்றிப் பாய்தலில் இலங்கைச் சாதனை படைத்தார்.

அரங்கம் வரட்டும் என்று பள்ளிகள் காத்திருந்தால் ஒரு தலைமுறையே விளையாட்டை மறந்திருக்கும். நம் பேட்டைக்கும் இது பொருந்தும். விடுமுறை நாளில் பள்ளி மைதானத்தைத் திறந்துவிடும்படி தலைமையாசிரியரிடம் பெற்றோர் நாலு பேர் சேர்ந்து கேட்டுப் பார்க்கலாமே!