கதவும் காவலும்

ஓர் ஊரைப் பற்றி அயலார் வினவும்போது, "அவ்வூரில் கள்ளர் பயம் எப்படி?" என்று கேட்பது உலக வழக்கு. பெண் கொடுக்கப் போகின்றவரும், காணி வாங்கப் போகின்றவரும், மாற்றலாகிச் செல்லும் ஆசிரியரும் இவ்வினாவைக் கேளாதிருப்பதில்லை. விடையாகக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு கணக்கேயாகும். இத்தனை வீடு உடைபட்டது, இத்தனை மாடு களவு போயிற்று என்பர். அவ்வெண் குறைந்தால் நல்லூர் என்றும், கூடினால் பொல்லாவூர் என்றும் தீர்ப்புச் சொல்லிவிடுகின்றோம். இத்தீர்ப்பு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை, துறைமுகமும் வயலும் காடும் ஒருங்கே அமைந்த எங்கள் திருக்கோணமலை மாவட்டத்தை மனத்திற் கொண்டு ஈண்டு ஆராய விழைகின்றேன்.

முதலில் கடல் கடந்து ஓர் ஊரைக் காண்போம். இங்கிலாந்து நாட்டில் செஷையர் என்னும் பகுதியில் மொலிங்டன் என்றொரு சிற்றூர் உண்டு. பேரரசர் எவரும் பிறந்ததனால் அவ்வூர் பெயர் பெறவில்லை. வீடு புகுந்து திருடுவோரின் தொல்லையை எண்ணி, அவ்வூர் மக்கள் 1982 ஆம் ஆண்டிலே ஒன்றுகூடி, அயலவன் வீட்டை அயலவனே கண்காணிப்பது என்று தீர்மானித்தனர். அமெரிக்க நாட்டு முன்மாதிரியைத் தழுவி எழுந்த அவ்வமைப்பே பிரித்தானியாவில் அயலவர் காவல் இயக்கத்தின் தோற்றம் என்று கூறப்படுகின்றது. அவ்வியக்கம் பின்னர் அந்நாடெங்கும் பரவியது.

இஃது அந்நாட்டார்க்குப் புதியதோர் எண்ணமன்று. 1285 ஆம் ஆண்டில் முதலாம் எட்வேட் மன்னன் வின்செஸ்டர் நகரில் ஒரு சட்டம் செய்தான். வழிப்பறி நிகழ்ந்து கள்வன் பிடிபடாவிடின், அவ்வட்டாரத்தார் அனைவரும் அவ்விழப்புக்குப் பொறுப்பாவர். இரவிலே நகர வாயில்களிற் காவல் நிற்றல் வேண்டும். அயலான் ஒருவன் வரின் விடியுமட்டும் அவனைத் தடுத்து வைத்தல் வேண்டும். சந்தை ஊர்களை இணைக்கும் பெருவழியின் இருமருங்கிலும் இருநூறு அடி தூரம் கள்வர் பதுங்கக்கூடிய புதர்களை வெட்டிவிடல் வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் போர்க் காலத்தில் வீதியோரக் காடுகள் வெட்டி வெளியாக்கப்பட்டதைக் கண்ட நமக்கு, எழுநூறு ஆண்டுக்கு முந்திய இச்சட்டம் சற்றும் அந்நியமாகத் தோன்றாது. சம்பளம் பெறும் பொலிசு முறை இலண்டனுக்கு 1829 இலும், இங்கிலாந்தின் மாகாணங்கள் எல்லாவற்றிற்கும் கட்டாயமாக 1856 இலுமே வந்தது. அதுவரை ஊரே ஊருக்குக் காவல்.

தமிழ் நாட்டிலும் நிலைமை இவ்வாறே இருந்தது. சோழர் பாண்டியர் கல்வெட்டுக்களிற் பாடிகாவல் என்னும் சொல் பலகாலும் வருகின்றது. ஊரைக் காப்பதும், அக்காவலுக்காக ஊரார் இறுக்கும் கடமையும் அச்சொல்லாற் குறிக்கப்பட்டன. பிற்காலத்தில் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் நிலவிய காவல் முறையிலே சிறந்ததொரு நியதி இருந்தது. களவு போன பொருளைக் காவற்காரன் மீட்டுக் கொடுத்தல் வேண்டும். மீட்க இயலாவிடின் அதன் பெறுமதியைத் தானே ஈடுசெய்தல் வேண்டும். இன்று நாம் முறைப்பாடு எழுதிவிட்டு வீடு திரும்புகின்றோம். அன்று பொருளை இழந்தவன் பொருளோடு திரும்பினான். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று.

ஆனால் அக்காலத்தைப் பொற்காலமென்று போற்றிவிடவும் ஒண்ணாது. காவற்கூலி கொடாத ஊரிலே காவற்காரனே களவு செய்வித்த கதைகளும் உண்டு. ஆங்கில ஆட்சி அம்முறையை ஒழிக்கப் புகுந்தபோது, 1871 ஆம் ஆண்டில் வடஇந்தியாவிற் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தைப் பிற்காலத்திற் சென்னை மாகாணத்துக்கும் கொணர்ந்து, பிறப்பினாலேயே ஒரு குலத்தைக் குற்றவாளி என்று முத்திரை குத்தியது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்பிரல் 3 ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. காவல் செய்த குலமே கள்வர் குலமென எழுதப்பட்டமை, வரலாற்றின் கொடிய முரண்களுள் ஒன்றாகும்.

இனி இலக்கியத்துக்கு வருவோம். பழைய மதுரையின் நள்ளிரவை மதுரைக்காஞ்சி காட்டும்போது, கள்வரின் திறத்தையும், மழை பொழிந்து தெருவில் நீர் பெருகும் இரவிலும் சோர்வின்றித் திரியும் ஊர்காவலரின் திறத்தையும் ஒருங்கே காட்டுகின்றது. சிலப்பதிகாரமோ துறைமுக நகரமாகிய புகாரை வருணிக்குமிடத்து ஐந்து மன்றங்களைக் கூறுகின்றது. அவற்றுள் முதலாவது வெள்ளிடை மன்றம். அங்கே அளவும் பெயரும் பொறித்த பொதிகள் வெட்டவெளியிற் குவிந்து கிடக்கும். கதவில்லை, பூட்டில்லை, காவலாளரும் இல்லை. எவனேனும் திருட முற்பட்டால், கழுத்து நோவ அப்பொதியைச் சுமந்து சுற்றித் திரிவானேயன்றி வெளியே கொண்டுபோகமாட்டான். பூட்டு வெளியிலே இல்லை, ஊராரின் நாணத்திலே இருந்தது என்பதே இதன் உட்பொருள் போலும்.

இப்பகுதியை வகுப்பிற் கற்பித்துக்கொண்டிருந்த ஒரு நாள், பின்வரிசையில் இருந்த மாணவி எழுந்து, "ஐயா, ஐந்தாவது மன்றத்தைப் பற்றி ஒரு சந்தேகம்" என்றாள். ஐந்தாவது பாவை மன்றம். அரசன் செங்கோல் வளைந்தாலும், நீதி கூறும் அவையம் ஒரு பக்கம் சாய்ந்தாலும், அங்குள்ள பாவை வாய் திறந்து ஒன்றும் சொல்லாது. கண்ணீர் மட்டும் உகுக்கும். "பாவை பேசாதென்றால், அது அழுவதை யார் ஐயா கணக்கில் எழுதுவார்?" என்று அவள் கேட்டாள். உரையாசிரியர் எவரும் எழுப்பாத அவ்வினா இன்றும் என் நெஞ்சில் நிற்கின்றது. இக்கட்டுரைக்கு வித்தும் அதுவே.

எங்கள் மாவட்டத்தின் ஊர்களைச் சற்று நோக்குவோம். இத்துறைமுகம் பன்னாட்டார் வந்துபோன இடம். 1660 இல் கொட்டியாரக் குடாவிலே பாய்மரம் திருத்த வந்த ஆங்கிலக் கப்பலிலிருந்து கண்டி மன்னனின் ஆட்களாற் பிடிக்கப்பட்ட றொபேட் நொக்ஸ், மலைநாட்டுக் கிராமங்களிலே பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்தான். சிறைச்சாலை என்று தனியே ஒன்றில்லை. கிராமத்தாரே அவனுக்குச் சோறிட்டனர். அவர்களே அவனுக்குக் காவலுமாயினர். 1957 இல் கடற்படைத்தளம் பிரித்தானியரிடமிருந்து இலங்கையிடம் கையளிக்கப்படும்வரை அந்நியர் வரவு இங்கே ஓய்ந்ததில்லை. ஆகவே அயலானைக் கண்டு அஞ்சுவது துறைமுகத்தானின் இயல்பன்று.

பட்டினத்துக்கு அப்பால், தம்பலகாமம், மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பக்கங்களில், வேலியும் படலையும் உண்டு. வேலி எல்லை காட்டுவதற்கு. படலை மாடு நுழையாதிருப்பதற்கு. கள்வனை நோக்கி எழுந்தவை அல்ல அவை. பட்டிக்காரர் தம் மாடுகளுக்குக் குறிசுடுவர். புகாரிற் பொதிமேல் எழுதிய எழுத்தும் இங்கே மாட்டின் மேலிட்ட குறியும் ஒரே அறிவின் இரு வடிவங்கள். காடு மேயும் மாட்டைப் பூட்டி வைக்க இயலாது. ஆனால் அது இன்னாருடையது என்று ஊரறியச் செய்ய இயலும். கரைவலை வாடியிலே வள்ளமும் வலையும் இரவெல்லாம் மணலிற் கிடப்பதும் இந்த நம்பிக்கையினாலேயே.

பிணக்கு எழுந்தால் தீர்ப்பதற்கும் வழியிருந்தது. இலங்கையில் 1866 இல் இன்றைய பொலிசு முறை அமைந்தது. எனினும் 1871 ஆம் ஆண்டுச் சட்டம் கிராமக் கோடுகளுக்கு இடமளித்தது. அவை 1945 இற் கிராம நீதிமன்றங்களாக உருமாறிப் பின்னர் மறைந்தன. விதானை முறை 1963 இல் ஒழிந்து கிராம சேவையாளர் வந்தனர். 1958 ஆம் ஆண்டின் இணக்க சபைகள் இருபது ஆண்டுகள் இயங்கி நின்றன. 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மத்தியஸ்த சபைகள் தோன்றி இன்றும் இயங்குகின்றன. ஊதியம் பெறாத பெரியோர் மூவர் அமர்ந்து, இரு திறத்தாரையும் எதிரெதிரே இருத்தி, பேசித் தீர்க்க முயல்கின்றனர். எல்லைத் தகராறும் வசைமொழியும் சிறு கடனும் அங்கே தீர்கின்றன. வேலிச் சண்டை வெட்டுக்குத்தாக வளராமற் காப்பது இத்தகைய சபையே. பிடிபட்ட கள்வரை எண்ணலாம். நிகழாமற்போன கொலைகளை எவ்வாறு எண்ணுவது?

ஊர்க்காவலுக்கு மற்றொரு முகமும் உண்டு. 2011 ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதத்திலே கிறீஸ் பூதம் என்னும் பீதி நாட்டின் பல பாகங்களையும் பற்றிக்கொண்டது. உடலெங்கும் எண்ணெய் பூசிய மர்ம மனிதர் இரவிற் பெண்களைத் தாக்குகின்றனர் என்ற பேச்சு ஊர்விட்டு ஊர் பரவியது. பெண்கள் அந்திக்குப் பின் வெளிவர அஞ்சினர். ஆடவர் தடியேந்தி விழித்திருந்தனர். கிண்ணியாவில் மக்களுக்கும் கடற்படையினருக்கும் மோதல் மூண்டது. புத்தளத்திற் பொலிஸ்காரர் ஒருவர் கும்பலாற் கொல்லப்பட்டார். பாதுகாப்புக்காக எழுந்த விழிப்பே உயிர் குடிக்கும் வெறியாக மாறியமை எதனால்?

இதற்கும் சிலப்பதிகாரமே விடை தருகின்றது. கோவலன் மதுரைக்கு அயலான். அவனைக் கொல்ல வந்த காவலருள், இவன் தோற்றம் கள்வனுடையதன்று என ஐயுற்றவரும் இருந்தனர். பொற்கொல்லனோ மந்திரம், மருந்து, நிமித்தம் என்று களவு நூலையே விரித்துரைத்து அவ்வையத்தைப் போக்கினான். முடிவில் வாளை வீசியவன் கல்லாத களிமகன் ஒருவன். வதந்திக்குச் சாத்திரத்தின் உடை போர்த்தப்படும்போது, ஐயுறுவோர் வாயடைக்கப்படுகின்றனர். ஐயுறாதவன் கை ஓங்குகின்றது. அன்றியும், 2011 இல் மக்கள் தாமே தடியெடுத்தமைக்கு, முறையிட்டால் கேட்பார் உண்டென்ற நம்பிக்கை அற்றுப்போனமையும் ஒரு காரணமாகும். கேட்பாரற்ற அச்சமே கும்பலாகத் திரள்கின்றது.

அந்நம்பிக்கை எவ்வாறு அற்றது என்பதை ஆசிரியனாகிய நான் சொல்லாது விடுவது முறையன்று. 2006 ஆம் ஆண்டு சனவரி 2 ஆம் நாள் திருக்கோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். வழக்கு ஆண்டுக்கணக்காக நீண்டது. சாட்சி கூறத்தக்கார் சிலர் நாட்டையே விட்டு நீங்கினர். 2019 யூலையில், சான்று போதாமையாற் குற்றஞ் சாட்டப்பட்ட பதின்மூவரும் விடுவிக்கப்பட்டனர். பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் காப்பதற்கென 2015 இல் ஒரு சட்டம் வந்தது. 2023 இல் அதற்குப் பதிலாக வேறொரு சட்டம் வந்தது. சட்டம் ஏட்டிலே இருக்கின்றது. சாட்சி சொல்லத் துணியும் நெஞ்சு ஊரிலே இருத்தல் வேண்டும். பொய்ச்சாட்சி சொல்வோரைப் புகாரின் சதுக்கப் பூதம் விழுங்கியது என்பர். மெய்ச்சாட்சி சொல்வோரைக் காக்கும் தெய்வம் எந்தச் சதுக்கத்தில் நிற்கின்றது?

இப்போது தொடக்கத்து வினாவுக்குத் திரும்பலாம். குற்றக் கணக்குக் குறைந்த ஊர் இருவகைப்படும். ஒன்றில் குற்றமே குறைவு. மற்றொன்றில் குற்றம் உண்டு, சொல்வார் இல்லை. கணவன் அடித்ததை மனைவி சொல்லாள். கடன்காரன் மிரட்டியதை ஏழை சொல்லான். கண்ணாற் கண்டதைக் கண்டவன் சொல்லான். பதிவேட்டிலே இரண்டு ஊர்களும் ஒரே மாதிரி வெண்மையாகக் காட்சி தரும். ஆனால் முன்னதிலே வெள்ளிடை மன்றம் உள்ளது. பின்னதிலே பாவை அழுதுகொண்டிருக்கின்றது. முறைப்பாடு கூடியதனால் மட்டும் ஓர் ஊர் கெட்டுவிட்டதென்று கொள்ளுதலும் தவறு. பேசாதிருந்தவர் பேசத் தொடங்கியமையும் அவ்வெண்ணைக் கூட்டுமன்றோ?

ஆதலின் ஊரின் பாதுகாப்பை அளக்க என்னிடம் வேறு மூன்று கேள்விகள் உள. ஊரின் மிக எளியவர் தமக்கு நேர்ந்த தீங்கை அச்சமின்றிச் சொல்ல முடிகின்றதா? இழந்தவனுக்கு இழப்பு ஈடுசெய்யப்படுகின்றதா? வேற்றூரான், வேற்று மொழியான், வேற்றுச் சமயத்தான் இரவிலே வந்து ஒரு குவளை தண்ணீர் கேட்டால், தடி வருமா, தண்ணீர் வருமா? மூவினத்தாரும் அடுத்தடுத்து வாழும் எங்கள் மாவட்டத்திலே இம்மூன்றாவது கேள்வியே முதன்மையானது. தமிழ்க் கிராமத்தின் காவல் முஸ்லிம் கிராமத்தை நோக்கியும், அதன் காவல் சிங்களக் குடியேற்றத்தை நோக்கியும் விழித்திருக்குமாயின், எல்லாரும் விழித்திருப்பர், ஒருவரும் உறங்கார்.

மாணவர்க்குக் கள்ளாமை அதிகாரத்தை மனனம் செய்விக்கின்றோம். அது நன்று. அதனோடு, கண்டதைக் கண்டபடி சொல்லவும், கேட்டதைக் கேட்டவுடன் நம்பாதிருக்கவும் பழக்குதல் வேண்டும். இவ்விரு பழக்கமும் உடைய பிள்ளைகள் ஓர் ஊரிலே வளர்வாராயின், பாவையின் கண்ணீரை எழுதிவைக்க அவ்வூரிலே ஆள் இருக்கும். என் மாணவிக்கு அன்று நான் கூறிய விடையும் இதுவே: "பிள்ளாய், அதை நீதான் எழுத வேண்டும்."